லாங்மியூரா, ஃப்ரொய்ண்ட்லிக்கா? உமிக்கரி டேட்டாவுக்கு எது பொருந்தும்

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நெல்லு மில்லுகளில உமிக்குக் குறைவில்ல, அதக் கரியாக்கி மெதிலீன் புளூ சாயத்த உறிஞ்சவிட்டுப் பார்க்கிறது லெப்ல லேசான வேலைதான். டேட்டா கைக்கு வந்தாப் பிறகுதான் எந்த மொடல்ல போடுற எண்டு பிரச்சின தொடங்கும். மொடல் எண்டா, கரைசல்ல மிஞ்சின சாயச் செறிவையும் கரி பிடிச்ச அளவையும் தொடுக்கிற சமன்பாடு, லாங்மியூரும் ஃப்ரொய்ண்ட்லிக்கும் அப்படியான ரெண்டு.

லாங்மியூர் 1918ல சொன்னது, மேற்பரப்பில இருக்கிற இடமெல்லாம் ஒரே மாதிரி, ஒரு இடத்துக்கு ஒரு மூலக்கூறு, பக்கத்தில இருக்கிறது இத ஒண்டும் செய்யாது. அதால ஒரு படை நிரம்பினா வளையி தட்டையாகிரும், ஒரு கிராம் கரி ஆகக்கூட எவ்வளவு பிடிக்கும் எண்டு ஒரு பெறுமானம் கிடைக்கும். ஃப்ரொய்ண்ட்லிக் அதுக்கும் முந்தினது, பிடிக்கிற அளவு செறிவிட ஒரு அடுக்குக்கு (power) ஏத்தபடி கூடிக்கிட்டே போகும், உச்சம் எண்டே ஒண்டு இல்ல. உமிக்கரியில காபனும் இருக்கு சிலிக்காவும் இருக்கு, துளையெல்லாம் ஒவ்வொரு அளவு, அப்ப எல்லா இடமும் ஒரே சக்தி எண்டு எப்படிச் சொல்லுற? மேற்பரப்பப் பார்த்தா நான் ஃப்ரொய்ண்ட்லிக் பக்கம்தான். ஆனா அளந்த செறிவுக்கு வெளிய அத நம்பி ஃபில்டர் டிசைன் பண்ணவே கூடாது.

பீஈடி (BET) எண்ட மொடல் வேற கதை. 1938ல வந்தது, படைக்கு மேல படை ஒட்டுறதக் கணக்கெடுக்கும், 77 கெல்வின்ல நைதரசன் வாயுவ வச்சு மேற்பரப்பளவு காணத்தான் பாவிக்கிற. சாயக் கரைசல் டேட்டாவ அதுக்குள்ள திணிக்காதீங்க.

மறுகா முக்கியமான விசயம், கனபேர் லாங்மியூர நேர்கோடாக்கி, செறிவ உறிஞ்சின அளவால பிரிச்சு செறிவுக்கு எதிரா வரைஞ்சு, ஆர் ஸ்கொயர் (கோடு எவ்வளவு பொருந்துது எண்ட அளவு) 0.99 வந்திட்டு, லாங்மியூர்தான் எண்டு முடிச்சிருவாங்க. ரெண்டு அச்சிலயும் செறிவு இருக்கிறதால டேட்டா சுமாரா இருந்தாலும் கோடு நேராத்தான் வரும், அது ஒண்டையும் நிரூபிக்காது! எக்ஸெல்ல இருக்கிற சொல்வர் (Solver) எண்ட கருவியால வளையியாவே பொருத்தி, வழுக்களிட வர்க்கக் கூட்டுத்தொகைய லாங்மியூர், ஃப்ரொய்ண்ட்லிக் ரெண்டுக்கும் ஒப்பிடுங்க, ரெண்டிலயும் மாறிலி ரெண்டுதான், அதால ஒப்பீடு நியாயமா இருக்கும். புள்ளிகள் தட்டையாகிற இடத்துக்கு வராம நிண்டா, லாங்மியூர் தாற உச்சப் பெறுமானமும் ஊகம்தான்.

செறிவு நல்லாக் குறைஞ்ச தண்ணிக்கு ஃப்ரொய்ண்ட்லிக் பிழைக்கும், பூச்சியத்துக்குக் கிட்ட சரிவு எல்லையில்லாமக் கூடிரும். அந்தப் பக்கமும் வேணும், உச்சமும் வேணும், மேற்பரப்பும் ஒரே மாதிரி இல்ல எண்டா டோத் மொடலப் பாருங்க, மாறிலி மூண்டு, அதால புள்ளிகளும் கூட எடுக்கணும், முக்கியமா அடிச் செறிவுகளில.