டர்போ காருக்கு எந்த ஆயில்? 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 ஓர் ஒப்பீடு

நாள்தோறும் வேலைக்குச் சென்றுவரப் பயன்படும், டர்போ (வெளியேறும் புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) உள்ள பெட்ரோல் காருக்கு ஆயில் வாங்கப் போகிறவர் முன் பெரும்பாலும் மூன்று கிரேடுகள் நிற்கின்றன: 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40. கெட்டியான ஆயில் இன்ஜினைக் காக்கும், நீர்த்த ஆயில் மைலேஜ் தரும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். டப்பாவின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் கிரேடு எண்ணைவிட, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் தரக் குறியீடுகளே டர்போ இன்ஜினுக்கு முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று பார்த்துவிடலாம். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே300 தரநிலையின்படி, 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுத்தன்மை (ஓட்டத்தை எதிர்க்கும் கெட்டித்தன்மை) 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருந்தால் அது 20 கிரேடு, 12.5 வரை 30 கிரேடு; 16.3 வரை 40 கிரேடு. இவை வரம்புகளே என்பதால், 12.3 அளவுள்ள ஒரு 30 ஆயிலுக்கும் 12.7 அளவுள்ள ஒரு 40 ஆயிலுக்கும் இடையே இன்ஜின் உணரக்கூடிய வேறுபாடு ஏதும் இருக்காது. முன்னால் வரும் எண் குளிருக்கானது. 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயில் மைனஸ் 30 டிகிரியிலும் இன்ஜினைச் சுழலவிடும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும். உறைபனியே விழாத இடத்தில் ஓடும் காருக்கு, இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் 0டபிள்யூ ஆயிலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

உண்மையான ஒப்பீடு 150 டிகிரியில்தான் தொடங்குகிறது. பேரிங்கின் குறுகிய இடைவெளியில் ஆயில் கடுமையாக உராயும்போது, அதன் பாகுத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும் பாலிமர் இழைகள் தற்காலிகமாக நீண்டு படிந்துவிடுவதால், ஆயில் தன் கிரேடு சொல்வதைவிட நீர்த்துப்போகிறது. இந்த நிலையில் மிஞ்சும் பாகுத்தன்மையை அளப்பதே எச்.டி.எச்.எஸ். (அதிகச் சூடு, அதிக உராய்வு) சோதனை. 20 கிரேடுக்கு இதன் குறைந்தபட்ச அளவு 2.6 மில்லிபாஸ்கல் வினாடி. 30 கிரேடுக்கு 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5. கடையில் பலரும் கவனிக்காமல் விடும் செய்தி இங்கேதான் இருக்கிறது: 5டபிள்யூ-30 என்ற ஒரே பெயரில் இரண்டு வகை ஆயில்கள் விற்கப்படுகின்றன. ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ.வின் ஏ5/பி5 குறியீடு உள்ளது எரிபொருள் சிக்கனத்துக்காக 3.5க்குக் கீழே வைக்கப்பட்டது. அதே சங்கத்தின் சி3 குறியீடு உள்ளது 3.5 அல்லது அதற்கு மேல் இருந்தாக வேண்டும். அதாவது, சி3 தரமுள்ள 5டபிள்யூ-30 ஆயில், பேரிங்கைக் காக்கும் வேலையில் 5டபிள்யூ-40க்கு மிக அருகில் நிற்கிறது. இதைப் பார்க்காமல் முப்பதா நாற்பதா என்று வாதிடுவதில் பயனில்லை.

டர்போவுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? சிறிய டர்போக்களின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டக்கூடியது. பெரும்பாலான டர்போக்களில் அது மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுழல்கிறது. அதன் ஒரு முனையில் இருக்கும் டர்பைனை 900 டிகிரியையும் தாண்டக்கூடிய புகை தாக்குகிறது. வேகமாக ஓட்டி வந்து உடனே இன்ஜினை நிறுத்தினால், ஆயில் ஓட்டம் நின்றுவிட, டர்பைனின் சூடு பேரிங் பக்கம் பரவி, அங்கே தங்கிய ஆயிலைக் கருக்கிக் கரியாக்குகிறது. இந்தக் கரி படிவதைத் தடுப்பது கிரேடு எண் அன்று. சூட்டில் சிதையாத நல்ல அடிப்படை ஆயிலும், ஆவியாகும் அளவு குறைவாக இருப்பதும்தான். ஆயிலைச் சூடாக்கி எவ்வளவு ஆவியாகிறது என்று அளக்கும் நோவாக் சோதனையில், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. எஸ்.பி. தரம் 15 சதவீதம் வரை ஆவியாதலை அனுமதிக்கிறது. ஏ.சி.இ.ஏ.வின் ஏ3/பி4, சி3 ஆகியவை 13 சதவீதத்தோடு நிறுத்துகின்றன.

இனி 0டபிள்யூ-20. இதைத் தண்ணீர் என்று ஒதுக்குவது நியாயமில்லை. இந்த ஆயிலுக்காகவே பேரிங், ஆயில் பம்ப், பிஸ்டனைக் குளிர்விக்கும் ஆயில் தாரை ஆகியவை வடிவமைக்கப்பட்ட இன்ஜினில் அது எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் அதன் மேல்பகுதிக்கு விரைவில் ஏறுகிறது. ஆனால் இதற்கென வடிவமைக்கப்படாத இன்ஜினில் ஊற்றக்கூடாது. ஃபோக்ஸ்வேகனின் தரநிலைகள் இதைத் தெளிவாகப் பிரிக்கின்றன: 502 00, 504 00 ஆகியவை எச்.டி.எச்.எஸ். சோதனையில் 3.5 அளவைக் கேட்பவை. 508 00 என்பது 2.6 அளவுள்ள 0டபிள்யூ-20. பழைய இன்ஜினில் தவறி ஊற்றிவிடாதபடி 508 00 ஆயிலுக்குப் பச்சை நிறமே ஏற்றியிருக்கிறார்கள்.

5டபிள்யூ-40க்கு வலுவான ஒரு வாதம் உண்டு. நேரடி ஊசித்தெளிப்பு (பெட்ரோலை சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் முறை) உள்ள டர்போ இன்ஜினில், குறுந்தூரம் மட்டுமே ஓட்டும்போது, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கிறது. ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து மீண்டும் விட்டு எடுத்தால், ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக மேல்கோட்டைத் தாண்டியிருக்கக்கூடும். முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும். இப்படி நீர்த்த 30 ஆயில் 20 ஆயிலைப்போலவே நடந்துகொள்ளக்கூடும். 40க்கு அந்த இழப்பைத் தாங்க இடமிருக்கிறது. ஆனாலும், கிரேடை ஏற்றுவதைவிட ஆயிலை முன்கூட்டியே மாற்றுவதே இதற்குச் சரியான மருந்து என்பேன். கலந்த பெட்ரோலும் பழைய ஆயிலோடு வெளியேறிவிடும்.

கிரேடை மாற்றித் தீர்க்க முடியாத இன்னொரு சிக்கல், குறைந்த சுற்றில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது கலவை நேரத்துக்கு முன்பே தீப்பற்றுவது. பிஸ்டனையே உடைக்கக்கூடிய இதை ஆயிலில் உள்ள கால்சியம் சேர்மங்கள் தூண்டுகின்றன. 2020இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரம் இதற்கெனத் தனிச் சோதனை வைத்திருப்பதால், நேரடி ஊசித்தெளிப்பு டர்போவுக்கு அந்தக் குறியீடோ அதற்கு இணையான உற்பத்தியாளர் சான்றோ இல்லாத டப்பாவை நான் எடுக்கவே மாட்டேன். டீசல் டர்போவில் புகை வடிகட்டி இருந்தால், சாம்பல் குறைந்த சி வகை ஆயில் கட்டாயம்.

ஆக, காரின் கையேடு 0டபிள்யூ-20 மட்டும் என்றால் அதையே ஊற்றலாம். 30, 40 இரண்டையும் அனுமதித்தால், சாதாரண ஓட்டத்துக்குக் கையேடு கேட்கும் சான்றுள்ள 5டபிள்யூ-30 போதும். கடும் வெயில், மலையேற்றம், நிறைந்த பாரம், நீண்ட அதிவேகப் பயணம் ஆகியவை வழக்கமாக இருந்தால் 5டபிள்யூ-40 என் தேர்வு. ஆயில் குறைகிறது என்பதற்காக மட்டும் 40க்குத் தாவ நினைப்பவர், முதலில் டர்போவின் சீலையும் புகைபோக்கி முனையில் வரும் நீலப் புகையையும் மெக்கானிக்கிடம் காட்டிப் பார்க்க வேண்டும்.