வன்தட்டு பழுதான பின்: இமேஜா, புதிய நிறுவலா, பழைய தட்டிலிருந்தே மீட்பா?

வன்தட்டு பழுதான விண்டோஸ் கணினியை எந்த வழியில் மீட்பது என்பது, காப்பு நகல் இருக்கிறதா, இருந்தால் அது எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முழுத் தட்டின் இமேஜ் ஒன்றை, அதாவது இயக்கமுறைமை, மென்பொருள், கோப்புகள் அனைத்தும் அடங்கிய அச்சு நகலை, முன்பே குளோன்சில்லா போன்ற மென்பொருளால் எடுத்து வைத்திருப்பவருக்கு வேலை எளிது. புதிய தட்டைப் பொருத்தி இமேஜை இறக்கினால், பிரிண்டர் டிரைவர், கணக்கு மென்பொருள், அதன் உரிமம் என அனைத்தும் இருந்தபடியே திரும்பிவிடும். ஆனால் இமேஜ் எடுத்த நாளுக்குப் பின் செய்த வேலை அதில் இராது. அன்று கணினியில் வைரஸ் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்தே வரும்.

பலர் கவனிக்கத் தவறும் இன்னொரு சிக்கலும் உண்டு. குளோன்சில்லா, பயன்பாட்டிலுள்ள பகுதிகளை மட்டுமே நகலெடுத்தாலும், மீட்கும்போது புதிய தட்டு பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது என்று இயல்பாக எதிர்பார்க்கிறது. ஆகவே 1 டிபி தட்டில் 200 ஜிபி மட்டுமே நிரம்பியிருந்தாலும், அந்த இமேஜை 500 ஜிபி எஸ்எஸ்டியில் நேரடியாக இறக்க முடியாது. விண்டோஸிலேயே உள்ள இமேஜ் வசதியையும் நீண்ட காலத்துக்கு நம்ப வேண்டாம். அதனை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2017 இலேயே அறிவித்துவிட்டது.

வீட்டுக் கணினிக்கு விண்டோஸைப் புதிதாக நிறுவி, கோப்புகளை மட்டும் காப்பு நகலிலிருந்து கொண்டுவருவதையே நான் பரிந்துரைப்பேன். நிறுவல் கோப்புகளை வைக்க 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் டிஜிட்டல் உரிமம் முதன்மையாக மதர்போர்டுடன் பிணைக்கப்பட்டிருப்பதால், தட்டை மாற்றியதற்காக மீண்டும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுவ ஒரு நாள் போகும் என்பது உண்மைதான். அதைவிடப் பெரிய இழப்பு, மறைந்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறையை நகலெடுக்காமல் விட்டவர்களுக்கு நேர்கிறது: பிரவுசரின் புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் அங்கேதான் உள்ளன. தனி உரிமம் பெற்ற மென்பொருள்களை நம்பி இயங்கும் கடைக்கோ அலுவலகத்துக்கோ, இமேஜோடு தினசரிக் கோப்பு நகலும் சேர்ந்திருப்பதே ஏற்றது.

நகல் எதுவுமே இல்லாதவருக்குப் பழைய தட்டுதான் கதி. இங்கே பலர் செய்யும் பிழை, விண்டோஸின் தட்டுச் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டிப் பார்ப்பது. அது கோப்பு முறைமையைச் சீர்செய்வதற்காகத் தட்டில் எழுதக்கூடியது. பழுதான தட்டில் அப்படி எழுதுவதே மிச்சமிருப்பதையும் குலைத்துவிடலாம். அதற்கு மாறாக லினக்ஸ் இயக்கமுறைமையில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள், எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் வேறொரு தட்டுக்கு எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்புகிறது. எதுவரை படித்தது என்பதைத் தனிக் கோப்பில் குறித்து வைப்பதால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல நிலையிலுள்ள 1 டிபி தட்டை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்க மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். பழுதானதற்கு நாள்கணக்கில் ஆகலாம். தட்டிலிருந்து டிக் டிக் என்ற சத்தம் கேட்டால் இந்த முயற்சியும் கூடாது. உடனே மின்சாரத்தைத் துண்டித்து, தூசியற்ற அறையில் தட்டைத் திறக்கும் வசதியுள்ள ஆய்வகத்திடம் ஒப்படைக்க வேண்டும். செலவு கூடும், வெற்றியும் உறுதியில்லை.

டிடிரெஸ்க்யூ எடுத்துத் தரும் நகலிலிருந்து விண்டோஸை அப்படியே இயக்க நினைப்பதும் தவறு. படிக்க முடியாமல் போன பகுதிகள் நகலில் வெறுமையாகவே இருக்கும். அவை இயக்கமுறைமையின் கோப்புகளுக்குள் விழுந்திருந்தால் காரணம் தெரியாத கோளாறுகள் பின்னால் வரும். எனவே இந்த வழியில் போனாலும் விண்டோஸைப் புதிதாக நிறுவி, நகலிலிருந்து கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. பெயரும் அளவும் சரியாக இருந்தும் பாதிப் படம் சாம்பலாகிப்போன புகைப்படங்கள் அவற்றில் இருக்கலாம். முக்கியமானவற்றையேனும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்வரை பழைய தட்டைக் கழித்துவிடாதீர்கள்.