பதின்மூன்று வீரர்களும் ஒரு வேடக் கொண்டாட்டமும்: ஏ.எஃப்.எல். வழங்கிய தண்டனை எப்படி இருந்தது?

ஒரு கால்பந்துக் கழகத்துக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தி உறுப்பினராகும் ரசிகர், மைதானத்தில் ஓர் இருக்கையை மட்டும் வாங்குவதில்லை. அந்த விளையாட்டை யாரோ ஒருவர் ஒழுங்காக நடத்துவார், தவறு செய்பவரை விசாரிப்பார், தண்டிக்க வேண்டிய அளவுக்குத் தண்டிப்பார் என்ற உறுதியையும் சேர்த்தே வாங்குகிறார். உணவகத்தையும் தொலைபேசி நிறுவனத்தையும் மதிப்பிடுகிற நாம் இந்தச் சேவையை மட்டும் மதிப்பிடாமல் விடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஆஸ்திரேலியக் கால்பந்து லீகான ஏ.எஃப்.எல்., 2024 அக்டோபரில் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி ஜயன்ட்ஸ் கழகத்தின் பதின்மூன்று வீரர்கள்மீது எடுத்த நடவடிக்கையும், அதற்கு மக்களிடையே எழுந்த எதிரொலியும் அப்படியொரு மதிப்பீட்டுக்கு மிகவும் ஏற்றவை.

ஆஸ்திரேலியாவுக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இங்கே பேசப்படுவது உலகக் கோப்பைக் கால்பந்து அன்று. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் செலுத்தி ஆடும் ஆஸ்திரேலிய விதி ஆட்டம். சீசன் முடிந்த கழகத்தின் வீரர்கள் ஒன்றுகூடி, வேடமிட்டுக்கொண்டு நாள் முழுவதும் குடித்துக் களிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அதற்கு ‘மேட் மண்டே’ என்று பெயர். எந்தக் கிழமையில் நடத்தினாலும் அதன் குணம் மாறுவதில்லை.

ஜயன்ட்ஸ் அணி அந்த ஆண்டுச் செப்டம்பரில் பிரிஸ்பேன் லயன்ஸ் அணிக்கு எதிரான அரையிறுதியில் 44 புள்ளிகள் முன்னிலை பெற்றிருந்தும் 5 புள்ளிகளில் தோற்று வெளியேறியது. அடுத்த சில நாள்களில் வீரர்கள் தங்களுக்கென ஒரு கொண்டாட்டம் நடத்தினார்கள். இருவர் நியூயார்க் இரட்டைக் கோபுரங்களாக வேடமிட்டு வந்ததும், அமெரிக்க அடிமை முறையைக் கேலிப்பொருளாக்கிய ஒரு காட்சி நடிக்கப்பட்டதும், ஜோஷ் ஃபாஹே என்ற இளம் வீரர் ஒரு முன்னாள் ரக்பி வீரரின் வேடத்தில் காற்றடைத்த பொம்மையை வைத்துக்கொண்டு ஆபாசமாக நடித்ததும் பின்னர் செய்திகளாக வெளிவந்தன. லீக் விசாரித்து ஃபாஹேவுக்கு நான்கு ஆட்டத் தடையும், வேறு ஐவருக்கு இரண்டு ஆட்டத் தடையும், எஞ்சிய எழுவருக்குத் தலா 5,000 டாலர் அபராதமும் விதித்தது. தடை பெற்றவர்கள் 2025 சீசனின் தொடக்கத்தை வெளியில் அமர்ந்து பார்க்க நேர்ந்தது.

தீர்ப்பு வந்தவுடன் பெரும்பாலோர் எழுப்பிய முதல் கேள்வி, இது லீகுக்கு ஏன் என்பதுதான். கூட்டம் வீரர்களுக்குள் நடந்தது. அங்கே எவரும் அடிக்கப்படவில்லை, எவர்மீதும் காவல்துறை வழக்கு இல்லை. ரசனைக் குறைவான நகைச்சுவைக்கு வேலைத்தடை விதிக்கும் அதிகாரத்தை யார் கொடுத்தது என்று கேட்டார்கள். வீரர்கள் தரப்பிலும் இதே கவலைதான் பேசப்பட்டது. நண்பர்களோடு இருக்கும்போது சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் முதலாளி கணக்குக் கேட்கத் தொடங்கினால் அதற்கு எல்லை எங்கே என்ற அந்தக் கவலையில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மறுபக்கத்தில் இருந்தவர்கள், வன்முறைக்கு உள்ளான பெண்களின் துன்பத்தையும் ஆயிரக்கணக்கானோரின் சாவையும் சிரிப்புக்குரியதாக்கிவிட்டு ‘தனிப்பட்ட நிகழ்வு’ என்று கதவைச் சாத்திக்கொள்ள முடியாது என்றார்கள்.

இந்த வாதத்தில் நான் இரண்டாம் தரப்போடு நிற்கிறேன். ஜயன்ட்ஸ் தானாக முளைத்த கழகம் அன்று. ரக்பி லீக் என்ற வேறோர் ஆட்டம் வேரூன்றிய மேற்கு சிட்னியில் ஆஸ்திரேலிய விதி ஆட்டத்துக்கு இடம் பிடிப்பதற்காகவே லீக் பெரும் பொருள் செலவிட்டு உருவாக்கி, 2012-இல் களமிறக்கிய அணி அது. தூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் என்று நம்மவர்கள் உட்படப் பல நாட்டுக் குடியேறிகள் வாழும் பகுதிகளின் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்தே ஈர்ப்பதுதான் அதன் இருப்புக்கான காரணம். அந்தக் கழகத்துக்கு மகளிர் அணியும் உண்டு. ஃபாஹே நடித்ததைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு அதே வளாகத்துக்குப் பயிற்சிக்கு வரவேண்டியவர்கள் அந்தப் பெண்கள். ஆகவே, தண்டிக்க முனைந்ததற்காக லீகைக் குறை கூற மாட்டேன். பதின்மூன்று பேரையும் ஒரே கயிற்றில் கட்டாமல், ஒவ்வொருவர் செய்ததையும் தனித்தனியே எடைபோட்டு மூன்று படிகளாகப் பிரித்ததையும் பாராட்டவே வேண்டும்.

எனக்குக் குறையாகப் படுவது, எடைபோட்ட தராசு எது என்பதை வாடிக்கையாளரான பொதுமக்களுக்குக் காட்டாமல் விட்டதே. லீக் கையில் எடுத்தது, விளையாட்டின் நற்பெயருக்குப் பொருந்தாத நடத்தை என்ற பரந்த விதி. எதையும் உள்ளே போடத்தக்க பெரிய சாக்கு அது. களத்தில் ஒருவர் எதிரணி வீரரைத் தலையில் மோதினால், அது கவனக்குறைவா வேண்டுமென்றே செய்ததா, தாக்கம் எவ்வளவு, எந்த இடத்தில் பட்டது என்று அட்டவணை போட்டு இத்தனை ஆட்டம் என்று கணக்கிடுகிறார்கள்; ரசிகர்கள் மறுநாள் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடும் அளவுக்கு அந்த முறை பழகியிருக்கிறது. களத்துக்கு வெளியே நடப்பவற்றுக்கு அப்படிப்பட்ட அட்டவணை ஒன்றும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. எனவே ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த பழைய தீர்ப்புகளை அருகில் வைத்து ஒப்பிடத் தொடங்கினார்கள். ஒப்பிட ஒப்பிடக் குழப்பம்தான் மிஞ்சியது.

அதே 2024-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் நார்த் மெல்பர்ன் பயிற்சியாளர் அலஸ்டர் கிளார்க்சன், எதிரணி வீரர்களைத் தன்பாலின வெறுப்புச் சொல்லால் திட்டியதற்கு 20,000 டாலர் அபராதமும், உடனே நடைமுறைக்கு வராத இரண்டு ஆட்டத் தடையும் பெற்றார். அதாவது ஓர் ஆட்டத்தையும் அவர் இழக்கவில்லை. ஏப்ரலில் போர்ட் அடிலெய்டின் ஜெரமி ஃபின்லேசன் அதே வகைச் சொல்லுக்கு மூன்று ஆட்டங்களும், மே மாதம் கோல்ட் கோஸ்ட்டின் வில் பவல் ஐந்து ஆட்டங்களும் இழந்தார்கள். இவர்கள் மூவரும் எதிரில் நின்ற மனிதரை நோக்கிப் பேசியவர்கள். எதிரில் எவரும் இல்லாத அறையில் பொம்மையோடு நடித்த இளைஞருக்கு நான்கு. பயிற்சியாளரைவிட அது பெரிய குற்றம், ஃபின்லேசனைவிடச் சற்றுக் கூடுதல், பவலைவிடக் குறைவு என்பது லீகின் கணிப்பாக இருக்கலாம். அந்தக் கணிப்புக்கு நியாயமும் இருக்கலாம். ஆனால் அந்த நியாயத்தை லீக் தானே எழுதிக் காட்டியிருக்க வேண்டும். அதை ஊகிக்கும் வேலையை மக்களிடம் விட்டால், கடுமை என்போரும் மென்மை என்போரும் ஒரே நேரத்தில் கோபப்படுவார்கள், அதுதான் நடந்தது.

இன்னும் பின்னோக்கிப் போனால் வேறுபாடு வியப்பளிக்கும். 2013-இல் செயின்ட் கில்டா அணியின் சீசன் முடிவுக் கொண்டாட்டத்தில், மகிழ்விப்பதற்காக அழைக்கப்பட்ட குள்ளமான கலைஞர் ஒருவரின் ஆடைக்கு வீரர் ஒருவர் தீ வைத்தார். உயிருள்ள ஒரு மனிதர்மீது நெருப்பு. அந்த வீரருக்குக் கழகம் விதித்த அபராதம் 3,000 டாலர். காலம் மாறியிருக்கிறது, மாறியது நல்லதே. ஆயினும் பதினோரு ஆண்டுகளில் தீயைவிட வேடம் விலை கூடியது எப்படி என்று மூத்த ரசிகர் ஒருவர் கேட்டால், அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிட்டுப் போவது மறுமொழி ஆகாது.

தலைமைப் பொறுப்பைப் பற்றி மக்கள் பேசியதும் கவனிக்கத்தக்கது. ஆட்டத் தடை பெற்றவர்களில் பலர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். இத்தகைய கூட்டத்தில் இளையவர் எந்த அளவுக்குத் துணிவார் என்பதை அங்கே சிரித்துக்கொண்டு நிற்கும் மூத்தவர்களே தீர்மானிக்கிறார்கள் என்பது எந்தக் கல்லூரி விடுதியில் தங்கியவருக்கும் தெரியும். பல ஆண்டு ஒப்பந்தத்தில் ஆடும் நட்சத்திரத்துக்கு 5,000 டாலர் ஒரு தொல்லை. அணியில் இடம் உறுதியாகாத இளைஞருக்குச் சீசன் தொடக்கத்தில் இரண்டு ஆட்டம் போவது அந்த ஆண்டையே புரட்டிப்போடக்கூடியது. செய்தவரைத் தண்டிப்பது முறைதான் என்றாலும், செய்யவிட்டவருக்கு என்ன பொறுப்பு என்ற கேள்விக்கு இந்தச் சேவையில் விடை கிடைக்கவில்லை.

ஒப்பீட்டுக்கு, அதே சிட்னியில் ரக்பி லீக் நிர்வாகம் 2018-இல் நடந்துகொண்ட விதத்தையும் பார்க்கலாம். கேன்டர்பரி புல்டாக்ஸ் வீரர்கள் துறைமுகப் பாலத்தருகே ஒரு மதுவிடுதியில் கூடிக் கூத்தடித்தார்கள். சிலர் ஆடை களைந்து நின்ற படங்கள் மறுநாள் நாளிதழில் வந்தன. நிர்வாகம் கழகத்தின்மீதே 2,50,000 டாலர் அபராதம் அறிவித்தது. இரு வீரர்கள்மீது காவல்துறையும் வழக்குப் பதிந்தது. அப்போதும் மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். தொலைவிலிருந்து பெரிய லென்ஸ் வைத்துப் படமெடுத்த நாளிதழைத்தான் முதலில் தண்டிக்க வேண்டும் என்று கொதித்தவர்கள் நிறையப் பேர். அந்த முறையில் ஒரு நன்மை இருந்தது: ஏற்பாட்டுக்கும் மேற்பார்வைக்கும் பொறுப்பான கழகமே முதலில் பணம் கட்ட வேண்டியதாயிற்று. இடையில் ஓர் வேடிக்கை: அபராதம் அறிவித்த நிர்வாகத்தின் தலைமைச் செயல் அதிகாரி டாட் கிரீன்பெர்க், 2012-இல் இதே புல்டாக்ஸ் வீரர்கள் இதே போன்றதொரு நாளில் பெண் செய்தியாளர் ஒருவரைக் கொச்சையாக ஏசியபோது அந்தக் கழகத்தின் தலைமை அதிகாரியாக இருந்தவர்.

மதிப்பெண் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தலையிட்ட துணிவுக்கும் ஆளுக்கேற்ற பிரிவினைக்கும் நான்கு, விளக்கத்துக்கு ஒன்று, சீர்மைக்கு ஒன்றரை, எல்லாம் ஐந்துக்கு.

சீர்மைக்கு அரை மதிப்பெண் குறைந்தது 2025-இல். அந்த ஆண்டு ஆகஸ்டில் அடிலெய்டின் ஐசக் ரான்கின் தன்பாலின வெறுப்புச் சொல்லுக்காக நான்கு ஆட்டங்கள் தடை செய்யப்பட்டு இறுதிச் சுற்றுகளை இழந்தார். செப்டம்பர் 27 அன்று மெல்பர்ன் மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டிக்கு முன் பாட லீக் அழைத்து வந்தவர் அமெரிக்க ராப் பாடகர் ஸ்னூப் டாக்; அவருடைய பாடல் வரிகளில் பெண்களைப் பற்றியும் தன்பாலினத்தவரைப் பற்றியும் வருபவை யாவருக்கும் தெரிந்தவை. வீரர்களின் வேடத்தில் பொறுக்க முடியாததாக இருந்த ஒன்று, மேடையேறும் விருந்தினரிடம் எப்படிப் பொறுக்கத்தக்கதாயிற்று என்று ரசிகர்கள் அப்போதே கேட்டார்கள். தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ டில்லன் அந்த அழைப்பை நியாயப்படுத்தினார். நிகழ்ச்சியும் திட்டமிட்டபடி நடந்தது.