ஓர்லாண்டோவா, மொறட்டுவையா? சுற்றுலாவையும் தரவையும் சேர்த்துப் படிக்க நினைப்பவர்களுக்கு

என் பெறாமகள் யாழ்ப்பாணக் கம்பஸில் கணினி விஞ்ஞானம் முடித்தவள். ஒரு வருடமாக வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனமொன்றுக்கு வேலை செய்கிறாள். போன மாதம் வந்து, "சின்னம்மா, சுற்றுலாவையும் தரவுப் பகுப்பாய்வையும் சேர்த்து ஒரு மாஸ்டர்ஸ் செய்யலாம் எண்டு பாக்கிறன். எது நல்லது?" என்று கேட்டாள். நல்லூருக்குக் கிட்ட பத்து அறைகளோடு ஒரு விடுதி நடத்துவதால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவளின் நினைப்பு. தெரியாதுதான். ஆனால் இருவருமாக இரண்டு கிழமை பாடத்திட்டங்களை அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துப் பார்த்ததில் ஒரு முடிவுக்கு வந்தோம். அவளுக்கு அது முழுதாகப் பிடிக்கவில்லை.

மேசையில் மிஞ்சியவை நான்கு. பெயரிலேயே இரண்டும் உள்ள வெளிநாட்டுப் பட்டம் ஒன்று. மொறட்டுவையிலோ கொழும்பிலோ தரவு பற்றிய முதுமாணி இன்னொன்று. சுற்றுலா முதுமாணி மூன்றாவது. ஐரோப்பிய உதவித்தொகையில் போவது நான்காவது.

முதலில் அவளின் ஆசையைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் ரோசன் கல்லூரி, பயணத் தொழில்நுட்பமும் பகுப்பாய்வும் என்றே பெயர் வைத்து ஒரு முதுமாணி நடத்துகிறது. டிஸ்னி வேர்ல்ட் இருக்கும் ஊர் என்பதால் இடம் பொருத்தமானதுதான். விடுதி விலை நிர்ணயம், முன்பதிவுத் தளங்கள், விமர்சனங்களை அலசுவது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வரும். வேறு எங்கே படித்தாலும் இந்த இரண்டு துறையையும் நாமே தைத்துக்கொள்ள வேண்டும், இங்கே தைத்தே தருகிறார்கள். அது பெரிய வசதி, மறுக்க மாட்டேன்.

சரி, செலவு? டொலருக்கு 300 ரூபா என்று வைத்தாலே 1 கோடி ரூபா என்பது 33,000 டொலர் சொச்சம்தான். அமெரிக்காவில் படிப்பும் சீவியமும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். காணியை ஈடு வைத்து அனுப்புகிற பழக்கம் நம் ஊரில் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். கடனை அடைக்க அங்கேயே சில காலம் உழைத்தாக வேண்டும். அங்கேதான் பலர் கவனிக்காத ஒரு விஷயம் வருகிறது. அமெரிக்காவில் மாணவர் விசாவில் படித்தவருக்குப் படிப்பு முடிந்ததும் 12 மாதம் வேலை செய்ய அனுமதி கிடைக்கும். விஞ்ஞான, தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள பட்டமென்றால் இன்னும் 24 மாதம் கூடும். பட்டத்தின் பெயரை வைத்து அதைத் தீர்மானிப்பதில்லை, அதற்குக் கொடுக்கப்பட்ட வகைப்பாட்டு எண்ணை வைத்துத்தான். 52.09 என்று தொடங்கும் விருந்தோம்பல் எண்கள் அந்தப் பட்டியலில் இல்லை, 30.70 என்று தொடங்கும் தரவு விஞ்ஞான எண்கள் இருக்கின்றன. ஆகவே எந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாலும் முதல் கேள்வி அந்த எண் என்னவென்பதாக இருக்கட்டும். இரண்டாவது கேள்வி, வகுப்பு நேரடியாகவா இணையவழியாகவா என்பது. முழுக்க இணையவழி என்றால் அதைக் காட்டி மாணவர் விசா எடுக்க முடியாது. இங்கே வீட்டிலிருந்து டொலரில் கட்டிப் படிப்பது என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனி உள்ளூர். இங்கேதான் நான் கொஞ்சம் கூட நேரம் நிற்கப்போகிறேன்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தரவு விஞ்ஞானத்தைச் சிறப்புத் துறையாகக் கொண்ட கணினி விஞ்ஞான முதுமாணி இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியில் வணிகப் பகுப்பாய்வு இருக்கிறது. வேலை செய்கிறவர்களை எண்ணியே பெரும்பாலும் நடத்துவதால் வகுப்பு வார இறுதியை ஒட்டி வரும். கட்டணம் இலட்சக் கணக்கு, கோடிக் கணக்கு இல்லை. இரவு பஸ்ஸில் ஏறி 400 கிலோமீற்றர் குலுங்கி விடியப்புறம் கொழும்பில் இறங்கி, முகம் கழுவி வகுப்புக்குப் போய், மறுநாள் இரவு திரும்ப ஏறுவது என்பதுதான் உண்மையான கட்டணம். இரண்டு வருடம் அப்படிப் போனவர்களின் முதுகைக் கேட்டால் தெரியும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பட்டங்களை மட்டம் மட்டமாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 9ஆம் மட்ட முதுமாணி 30 கிரெடிட்டோடு முடியும். 10ஆம் மட்டம் 60 கிரெடிட், ஆய்வும் செய்ய வேண்டும். சுற்றுலாவை உள்ளே கொண்டுவரப்போகிற கதவு அந்த ஆய்வு என்பதால் 10ஆம் மட்டத்தையே எடுக்கச் சொன்னேன்.

மூன்றாவது வழியான சுற்றுலா முதுமாணிக்கு, கொழும்புப் பல்கலைக்கழகப் பொருளியல் துறை நடத்தும் சுற்றுலாப் பொருளியல், ஹோட்டல் முகாமைத்துவப் படிப்பை உதாரணமாக எடுக்கலாம். "நிரல் எழுதத் தெரிஞ்சவளுக்கு இது எதுக்கு?" என்றாள் பிள்ளை. எதற்கு என்று காட்ட எங்கள் விடுதிக் கணக்கையே எழுதிக் காட்டினேன்.

பத்து அறை. ஒரு இரவுக்கு 12,000 ரூபா கேட்டால் நான்கு அறை நிரம்புகிறது: 48,000. விலையை 7,000 ஆக்கினால் எட்டு அறை: 56,000. விடுதிக்காரர் ரெவ்பார் என்று சொல்வது, இந்த வருமானத்தை நிரம்பிய அறைகளால் பிரிக்காமல் இருக்கிற எல்லா அறைகளாலும் பிரித்து வருவதை. 4,800 எதிர் 5,600. அவளின் கணினி மாதிரியம் விலையைக் குறை என்று சொல்லிவிடும், அவளும் அதைத்தான் சொன்னாள். ஆனால் ஆள் தங்கிய அறை ஒவ்வொன்றுக்கும் சலவை, காலைச் சாப்பாடு, கரண்ட், துப்புரவு என்று 2,500 ரூபா போகிறது என்று வையுங்கள். முதலாவதில் கையில் 38,000. இரண்டாவதில் 36,000. கூட வேலை, குறைந்த காசு. இந்தத் தொழிலுக்குள் நின்றவருக்கு இது பேச்சிலேயே வந்துவிடும், தரவு மட்டும் படித்தவருக்கு யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும்.

அதற்காகச் சுற்றுலா முதுமாணி அவளுக்குச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். விடுதியிலோ பயண முகவரிடமோ ஐந்தாறு வருடம் நின்று, முகாமையாளர் கதிரைக்கு ஏறப் பார்ப்பவருக்கு அது நல்லது. அவரும் கூடவே தரவுத்தளத்தில் கேள்வி எழுதவும், பைதன் என்ற நிரல்மொழியைக் கொஞ்சமும் பழகிக்கொண்டால் போதும். பழக இலவசமாகவே சாமான் கிடக்கிறது: போர்த்துக்கல்லின் இரண்டு ஹோட்டல்களின் 1,19,390 முன்பதிவுகள், எவை இரத்தாயின என்ற விபரத்தோடு 2019இல் வெளியிடப்பட்டன. யாரும் இறக்கி வைத்துப் பழகலாம். நம் கம்பஸின் முகாமைத்துவ பீட எம்.பி.ஏ.வும் இந்த வகையில்தான் வரும். பஸ் பயணம் மிச்சம்.

ஐரோப்பிய வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தின் கீழ் தென் டென்மார்க், லுப்லியானா, ஜிரோனா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் சுற்றுலா முகாமைத்துவ முதுமாணி ஒன்று உண்டு. எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ, 24 மாதம் வரை. போட்டி உலகம் முழுவதிலிருந்தும் வரும். அந்த ஆண்டு மாணவர் தொகுதிக்கு உதவித்தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று விண்ணப்பிக்க முன் பார்க்க வேண்டும். தரவு குறைவு, சுற்றுலா கூட. கிடைத்தால் யோசிக்காமல் போ என்றேன். கிடைக்கும் என்று நம்பி ஒரு வருடத்தைச் சும்மா வைத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

என் தராசு மொறட்டுவைப் பக்கம் சாய்ந்ததற்குச் செலவு ஒரு காரணம்தான். பெரிய காரணம், சுவையான கணக்குகள் எல்லாம் எங்கள் வாசலில் கிடப்பது.

இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2018இல் 23,33,796 பேர். 2021இல் 1,94,495. 2024இல் 20,53,465. இடையில் குண்டுவெடிப்பு, கொரோனா, பெற்றோல் வரிசை. இப்படி உடைந்துபோன ஒரு வரிசையை வைத்து அடுத்த வருடத்தை எதிர்வுகூறுவது பாடப்புத்தக மாதிரியத்துக்குள் அடங்காது. யாழ்ப்பாணத்துக்கு இன்னும் சிக்கல். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறந்து, கொரோனாவோடு சேவை நின்று, 2022 டிசம்பரில்தான் சென்னை விமானம் திரும்ப வந்தது. 2024 செப்டம்பரில் இன்டிகோ விமான நிறுவனமும் சேர்ந்தது. காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் திரும்ப ஓடியது. எதை வழமை என்று எடுப்பது?

அப்புறம் எங்கள் வெளிநாட்டுக்காரர். கனடாக் கடவுச்சீட்டோடு கட்டுநாயக்காவில் இறங்குபவர் சுற்றுலாப் பயணியாக எண்ணப்படுவார். ஆனால் அவர் படுப்பது கொக்குவிலில் பெரியம்மா வீட்டில். எந்த விடுதிப் பதிவிலும் அவர் இல்லை, வான் பிடிப்பது, நகை வாங்குவது, கோயிலுக்குக் கொடுப்பது என்று செலவழிக்கும் காசு மட்டும் ஊருக்குள் ஓடுகிறது. நயினாதீவுக்குப் போக பஸ் பஸ்ஸாகக் குறிகட்டுவானில் வந்திறங்கும் தெற்குச் சனமோ விமான நிலையக் கணக்கிலேயே வராது. எஸ்தோனியாவில் கைத்தொலைபேசி இருப்பிடத் தரவை வைத்தே பயணிகளைக் கணக்கிடுகிறார்கள். இங்கே அதைச் செய்ய எது வேண்டும், எந்த அளவுக்குத் தனியுரிமையைக் காக்க வேண்டும் என்பதே ஒரு முழு ஆய்வு. விமர்சனங்களை எடுத்தாலும் அப்படித்தான். "ரூம் சுப்பர் ஆனா ஏசி சத்தம்" என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார்கள். அதை ஓர்லாண்டோப் பேராசிரியர் வாசிப்பாரா?

"அங்க படிச்சாலும் இதை ஆய்வா எடுக்கலாம்தானே" என்றாள். எடுக்கலாம். ஆனால் கட்டப்பிராயில் இருக்கிற விடுதிக்காரர் தன் பதிவேட்டை மின்னஞ்சலில் கேட்கும் ஆளுக்குத் தரமாட்டார். நேரில் போய்த் தேத்தண்ணி குடித்தால் ஒருவேளை தருவார்.

அவள் இன்னும் ஓர்லாண்டோவின் பக்கத்தை மூடவில்லை, அந்த வகைப்பாட்டு எண்ணைக் கேட்டு எழுதியிருக்கிறாள். மொறட்டுவைக்கும் விண்ணப்பப் படிவம் நிரப்புகிறாள். அதற்கிடையில் எங்கள் விடுதியின் பழைய சி.ஆர். கொப்பிகளை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று வருட ஓகஸ்ட் மாதங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்து, "ஒண்டோட ஒண்டு பொருந்துதே இல்லை சின்னம்மா" என்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசி எடுத்தாள். எப்படிப் பொருந்தும்? ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடி ஏறும், 25 நாள் திருவிழா. 2023இல் அது ஓகஸ்ட் 21, 2024இல் ஓகஸ்ட் 9, 2025இல் ஜூலை 29. அடுத்த நாள் அட்டவணையில் திகதிக்குப் பக்கத்தில் ஒரு புது நிரல் சேர்த்து அனுப்பியிருந்தாள்: எத்தனையாம் திருவிழா.