நான்கு வயர்லெஸ் கேமிங் கீபோர்டுகள்: இருபதாயிரம் ரூபாய் எதற்குப் போகிறது?

விசை ஒவ்வொன்றின் அடியிலும் தனித்தனி சுவிட்ச் கொண்ட வயர்லெஸ் மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றுக்கு 200 முதல் 250 டாலர் வரை, அதாவது வரியும் சேர்ந்தால் நம் ஊரில் ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ, கொடுக்கத் தயாராகிவிட்டவர் கடைசியில் பெரும்பாலும் நான்கு பெயர்களுக்கு நடுவே நின்று தயங்குகிறார். மெல்லிய உடல் கொண்ட லாஜிடெக் ஜி915 எக்ஸ், காந்த சுவிட்ச் கொண்ட ஸ்டீல்சீரிஸ் அபெக்ஸ் ப்ரோ டிகேஎல் வயர்லெஸ், சுவிட்சைக் கழற்றி மாற்றக்கூடிய ஏசுஸ் ஆர்ஓஜி அஸோத், முழு அலுமினிய உடல் கொண்ட கீக்ரான் கியூ1 மேக்ஸ் ஆகியவையே அவை. நான்கும் நல்ல பொருள்கள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் அந்தப் பணம் வெவ்வேறு இடத்தில் செலவாகியிருக்கிறது. எந்த இடத்தில் செலவானது என்று தெரியாமல் வாங்கியவர்தான் ஆறு மாதத்தில் அதைப் பாதி விலைக்கு விற்க விளம்பரம் கொடுக்கிறார்.

முதலில் வயர்லெஸ் பற்றிய பழைய அச்சத்தைத் தீர்த்துவிடலாம். நான்கு பலகைகளும் கணினியில் செருகும் சிறு ஏற்பியான யூஎஸ்பி டாங்கிள் வழியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விநாடிக்கு 1000 முறை, அதாவது 1000 ஹெர்ட்ஸ் வேகத்தில், கணினிக்குத் தகவல் அனுப்புகின்றன. இரு தகவல்களுக்கு இடைப்பட்ட நேரம் ஒரு மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சி மாறவே ஏறத்தாழ 7 மில்லி விநாடி ஆகிறது. 240 ஹெர்ட்ஸ் திரையிலும் 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். இதைவிடப் பெரிய தாமதம் ஒன்று சுவிட்சுக்கு உள்ளேயே ஒளிந்திருக்கிறது. இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போது ஒரே முறை தொட்டு நிற்பதில்லை, சில கணங்கள் துள்ளுகின்றன. அந்தத் துள்ளலைப் பல அழுத்தங்களாக எண்ணிவிடாமல் இருக்க, பலகையின் உள்மென்பொருள் சிறிது பொறுத்திருந்து முடிவுசெய்கிறது. கியூ1 மேக்ஸ் ஆதரிக்கும் கியூஎம்கே என்ற திறந்தமூல உள்மென்பொருளில் இந்தக் காத்திருப்பின் இயல்பு அளவு 5 மில்லி விநாடி. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் ஹெர்ட்ஸ் எண்ணைவிட, எங்கும் அச்சிடப்படாத இந்த எண்ணுக்கு எடை அதிகம்.

வயர்லெஸ் தடுமாறுவது வேறு காரணங்களால். யூஎஸ்பி 3.0 துளைகளும் கம்பிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கிளப்புகின்றன என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. டாங்கிளைக் கணினிப் பெட்டியின் பின்புறம், வெளி ஹார்டுடிஸ்கின் கம்பிக்கு அருகே செருகிவிட்டு, 'இழுக்கிறது' என்று பலகையைக் குறை கூறுவோர் பலர். ஒரு சிறிய நீட்டிப்புக் கம்பியில் டாங்கிளை மேசை மேல் கொண்டுவந்து வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். புளூடூத் இந்த நான்கிலும் இருக்கிறது. கியூ1 மேக்ஸில் அதன் வேகம் விநாடிக்கு 90 முறைதான். மடிக்கணினியில் கடிதம் எழுத அது போதும், விளையாட்டுக்கு வேண்டாம்.

இனி உண்மையான வேறுபாட்டுக்கு வரலாம். சாதாரண மெக்கானிக்கல் சுவிட்சின் இலக்கணம் 1983இல் வந்த செர்ரி எம்எக்ஸ் வகுத்தது: மொத்த இறக்கம் 4 மில்லி மீட்டர், சிவப்பு வகையில் 2 மில்லி மீட்டர் இறங்கியதும் அழுத்தம் பதிவாகும். விரல் அடிவரை அழுத்திவிட்டுத் தூக்கும்போது, விசை மறுபடியும் அந்த 2 மில்லி மீட்டர்ப் புள்ளியை ஒட்டி ஏறி வந்த பிறகே கணினிக்கு 'விட்டாயிற்று' என்று தெரிகிறது. அபெக்ஸ் ப்ரோவின் முதன்மை விசைகளில் தொடும் தகடுகளே இல்லை. விசையின் அடியில் ஒரு சிறு காந்தம் இறங்க, அதன் புலத்தை ஒரு ஹால் சென்சார் தொடர்ந்து அளக்கிறது. எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவு, இன்று துப்பாக்கிச் சுடும் விளையாட்டில் பயன்படுகிறது. 2023 மாடலில் பதிவுப் புள்ளியை 0.2 முதல் 3.8 மில்லி மீட்டர் வரை எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தகடு இல்லாததால் துள்ளலும் இல்லை, அதற்கான காத்திருப்பும் தேவையில்லை.

ஆனால் இதன் மதிப்பு அந்த 0.2 என்ற எண்ணில் இல்லை. ரேப்பிட் டிரிக்கர் எனப்படும் வசதியில் இருக்கிறது. நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் பரவலாக்கிய இந்த முறையில், நிலையான புள்ளி என்று ஒன்று இருப்பதில்லை. விரல் எந்த ஆழத்தில் இருந்தாலும், மேல்நோக்கித் துளி நகர்ந்ததுமே விசை விடுபட்டதாகக் கொள்ளப்படும்; கீழ்நோக்கித் துளி நகர்ந்ததும் மீண்டும் அழுத்தப்பட்டதாகக் கொள்ளப்படும். கவுன்டர்-ஸ்டிரைக் ஆடுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். இடப்புறம் ஓடும்போது எதிர்ப்புற விசையை ஒருமுறை தட்டி நின்று, அந்தக் கணத்தில் சுட வேண்டும். அந்த நிற்றல் எவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பதை விசை விடுபடும் கணமே தீர்மானிக்கிறது. இங்கு காந்த சுவிட்ச் தரும் ஆதாயம் கையால் உணரக்கூடியது. வயர்லெஸ் வேகத்தில் ஒன்றிரண்டு மில்லி விநாடியைக் குறைத்துக் கிடைக்கும் ஆதாயத்தை உணர முடியாது. அபெக்ஸ் ப்ரோவின் 2023 மாடலுக்கு இந்த வசதி மென்பொருள் புதுப்பிப்பின் வழியாகப் பின்னர் வந்து சேர்ந்தது.

இதே தொழில்நுட்பத்தின் இன்னொரு கிளையில் எச்சரிக்கை தேவை. எதிரெதிர் விசைகள் இரண்டையும் ஒருசேர அழுத்தினால் கடைசியாக அழுத்தியதை மட்டும் ஏற்கும் வசதியை 2024இல் ரேசர் நிறுவனம் கொண்டுவந்தது. மற்றவர்களும் வெவ்வேறு பெயர்களில் தொடர்ந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வால்வ் நிறுவனம், கவுன்டர்-ஸ்டிரைக் 2இன் தன் அதிகாரப்பூர்வ சர்வர்களில் இத்தகைய தானியங்கி உதவியைப் பயன்படுத்துவோரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றத் தொடங்கியது. ரேப்பிட் டிரிக்கருக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே அந்த இன்னொரு வசதிக்காகவே பணம் கொடுக்க நினைப்பவர், தாம் ஆடும் ஆட்டத்தின் விதியை முதலில் படித்துவிடுவது நல்லது.

காந்தத்துக்கும் வயர்லெஸ்ஸுக்கும் அடிப்படையிலேயே ஒரு பூசல் உண்டு. சாதாரண சுவிட்ச் அழுத்தப்படாமல் இருக்கும்போது மின்சாரத்தைத் தொடுவதில்லை. ஹால் சென்சாரோ அளந்துகொண்டே இருக்க வேண்டியிருப்பதால் குடித்துக்கொண்டே இருக்கிறது. அபெக்ஸ் ப்ரோவுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கே டாங்கிள் வழியில் நாற்பது மணி நேரத்தைத் தொடுவதில்லை. தினமும் ஐந்து மணி நேரம் ஆடுபவர் வாரம் ஒருமுறை கம்பியைச் செருகியாக வேண்டும். அஸோத்துக்கு, விளக்கும் திரையும் அணைந்திருந்தால், 2000 மணி நேரத்துக்கு மேல் என்கிறது ஏசுஸ். இந்த இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பலகையிலும் பேட்டரியை அதிகம் தின்பவை விசைகளுக்கு அடியில் எரியும் வண்ண விளக்குகளே. பழைய ஜி915 முழு வெளிச்சத்தில் 30 மணி நேரமே தாங்கும். விளக்கை அணைத்துவிட்டால் மாதக்கணக்கில் ஓடும்.

அபெக்ஸ் ப்ரோவில் எனக்கு இருக்கும் தயக்கம் பேட்டரியைப் பற்றியதன்று. 2023 மாடலில் காந்த சுவிட்சுகள் எழுத்துகளும் எண்களும் உள்ள முதன்மைப் பகுதிக்கு மட்டுமே. மேல்வரிசை எஃப் விசைகளும் அம்பு விசைகளும் சாதாரண வகை. மேலும், பதிவுப் புள்ளியை 0.2இல் வைத்துக்கொண்டு யாராலும் ஒழுங்காகத் தட்டெழுத முடியாது. தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் பழகியவருக்கு இது இன்னும் சிக்கல், ஏனெனில் அதில் இடக்கை ஆள்காட்டி விரல் ஓய்வெடுக்கும் இடத்திலேயே புள்ளி விசை இருக்கிறது. விரலின் வெறும் பாரத்துக்கே எழுத்துகள் தலையில் புள்ளி சூடிக்கொள்ளும். ஆட்டத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என இரு அமைப்புகளைச் சேமித்து, மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே வழி.

அஸோத்தும் கியூ1 மேக்ஸும் காந்தப் போட்டியில் இறங்கவே இல்லை. அவை விலை கேட்பது வேறு இரண்டு காரணங்களுக்காக: தட்டும்போது எழும் ஒலியும் உணர்வும் ஒன்று, பழுதுபார்க்கும் வசதி மற்றொன்று. இரண்டாவதைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. நான் முன்பு வைத்திருந்த பலகை ஒன்று, பெயர் வேண்டாம், விலை குறைந்ததும் அன்று, மூன்றாம் ஆண்டில் ஒரே அழுத்தத்துக்கு ஒரு எழுத்தை இருமுறை பதியத் தொடங்கியது. தகடு தேய்ந்து, துள்ளல் உள்மென்பொருளின் பொறுமையைத் தாண்டிவிட்டது. மாற்ற வேண்டியது ஐம்பது ரூபாய் சுவிட்ச் ஒன்றை மட்டுமே. ஆனால் அது சர்க்யூட் பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்ததால், சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் அரைமணி நேரம் செலவிட்டுப் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதியதைப் பொருத்தித் தந்தார். அஸோத்திலும் கியூ1 மேக்ஸிலும் இந்த வேலை, கூடவே வரும் இடுக்கியால் பிடுங்கி, புதியதைச் செருகும் அரை நிமிட வேலை. மூன்று கால், ஐந்து கால் சுவிட்சுகள் இரண்டையும் இவை ஏற்கும்.

இந்த இரண்டுக்கும் இடையே தேர்வு அவ்வளவு எளிதன்று. 2023இல் கடைக்கு வந்த அஸோத், ஒரு பெரிய கேமிங் நிறுவனம் கீபோர்டு ஆர்வலர்களின் பழக்கங்களைக் கவனமாகப் படித்துச் செய்த பொருள். சுவிட்ச் தகடு சட்டத்தோடு நேரடியாக முடுக்கப்படாமல் சிலிக்கோன் மெத்தைகள் மேல் மிதக்கிறது. உள்ளே மூன்று அடுக்கு ஒலித்தடுப்பு. வலது மூலையில் சிறு ஓஎல்ஈடி திரையும் ஒரு கட்டுப்பாட்டுக் குமிழும். பெட்டிக்குள்ளேயே சுவிட்சைத் திறக்கும் கருவி, தூரிகை, கிரைடாக்ஸ் என்ற மசகு ஆகியவையும் இருந்தன. தொழிற்சாலையிலேயே மசகிட்டு வரும் சுவிட்சுகளுக்கு அதெல்லாம் தேவையா என்று கேட்கலாம். பெரும்பாலோர் அதைத் திறக்கவே மாட்டார்கள் என்பது என் ஊகம். கியூ1 மேக்ஸ் அதற்குப் பிறகு வந்தது. இயந்திரத்தில் கடைந்தெடுத்த அலுமினிய உடல், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை, கேட்டரான் ஜூபிடர் சுவிட்சுகள். மேசையில் வைத்தால் அம்மிக்கல் போல அசையாது. பையில் போட்டுக்கொண்டு நண்பர் வீட்டுக்கு ஆடப் போகிறவர் தோள்வலியை எதிர்பார்க்கலாம். முன்விளிம்பும் உயரம் என்பதால் மணிக்கட்டுத் தாங்கி இல்லாமல் நெடுநேரம் தட்ட முடியாது; அதையும் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

கியூ1 மேக்ஸின் பெரிய வலிமை மென்பொருளில். வயா எனப்படும் கருவி உலாவியிலேயே திறக்கும். எந்த விசைக்கு எந்தப் பணி என்பதை மாற்றினால் அந்த மாற்றம் பலகைக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். வேறு கணினியில் செருகினாலும் அப்படியே வேலை செய்யும். உள்மென்பொருள் திறந்தமூலம் சார்ந்தது என்பதால், நிறுவனம் நாளை ஆதரவை நிறுத்தினாலும் பலகை ஊமையாகிவிடாது. அஸோத்துக்கு ஆர்மரி கிரேட், லாஜிடெக்குக்கு ஜி ஹப், ஸ்டீல்சீரிஸுக்கு ஜிஜி எனத் தனித்தனிப் பெரிய செயலிகளை நிறுவியாக வேண்டும். மூன்றுமே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க விரும்புபவை. அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவருக்கு இது சிறிய செய்தியன்று.

ஜி915 எக்ஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் அதை விரும்புகிறவருக்கு மற்ற மூன்றும் பிடிக்காது. 2019இல் 250 டாலருக்கு வந்த முதல் ஜி915, மொத்தமே 22 மில்லி மீட்டர் தடிமன் கொண்டது. மடிக்கணினி விசைகளுக்குப் பழகிய விரல்கள் அதில் உடனே பொருந்திவிடும், மணிக்கட்டுத் தாங்கியும் வேண்டாம். ஆனால் அத்தனை விலை கொடுத்து வாங்கிய அந்தப் பலகையில் மின்னேற்ற மைக்ரோ யூஎஸ்பி துளையும், சில மாதங்களில் எண்ணெய்ப் பளபளப்பு ஏறிவிடும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் விசை மூடிகளும் இருந்தன. 2024இல் வந்த எக்ஸ் மாடலில் யூஎஸ்பி-சியும் பிபிடி என்ற வேறு பிளாஸ்டிக்கால் ஆன மூடிகளும் வந்து அந்தக் குறைகள் நீங்கின. சுவிட்சுகள் மட்டும் இன்னும் பற்றவைக்கப்பட்டே இருக்கின்றன. ஒன்று போனால் உத்தரவாதக் காலத்துக்குள் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. 300 டாலருக்கு வந்த ரேசர் பிளாக்விடோ வி4 ப்ரோ 75%, அஸோத்தின் வழியிலேயே திரையும் மாற்றத்தக்க சுவிட்சும் தருகிறது. வயர்லெஸ்ஸில் 4000 ஹெர்ட்ஸ் என்ற கூடுதல் எண்ணுக்கு, மேலே சொன்ன காரணங்களால், நான் ஐம்பது டாலர் அதிகம் கொடுக்க மாட்டேன்.

வேலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் போன்றவற்றையே நாள்தோறும் ஆடி, தரவரிசையில் ஏறுவதை உண்மையாகவே பொருட்படுத்துகிறவர் அபெக்ஸ் ப்ரோவை வாங்கலாம். கம்பி இருந்தாலும் பரவாயில்லை என்றால் அதே பணத்தையோ அதைவிடக் குறைவானதையோ வூட்டிங் பலகைக்குக் கொடுப்பது இன்னும் பொருத்தம், பேட்டரிப் பூசலும் இல்லை. மாலையில் ஆட்டம், பகலில் எழுத்து அல்லது நிரல் என்று ஒரே பலகையை இரண்டுக்கும் வைத்துக்கொள்பவருக்கு அஸோத்தையே முதலில் சொல்வேன். எடையும் செயலியும் அவருடைய முதன்மைக் கவலைகள் அல்ல என்றால், அதன் ஒலிக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம். லினக்ஸிலோ மேக்கிலோ வேலை செய்பவர், விசைகளைத் தம் விருப்பப்படி மாற்றியமைப்பவர், ஐந்தாண்டுக்குப் பிறகும் அதே பலகையை வைத்திருக்க எண்ணுபவர் கியூ1 மேக்ஸ் பக்கம் போகட்டும். எதை வாங்கினாலும் டாங்கிளை வைக்க மேசையில் ஓர் இடம் ஒதுக்கிவிடுங்கள். அதைத் தொலைத்தால் பல நிறுவனங்களில் தனியாக வாங்குவது எளிதன்று.