பாமாயோவின் பால்மா டின்

6,400 குவாச்சாவை, அதாவது சாம்பியக் காசை, ஒரு வங்கிக் கணக்கில் போடுவதற்காக நான் வளர்ந்த சாம்பியாவின் செப்புச் சுரங்க ஊரான முஃபுலிராவில் மூன்று நாள் அலைந்தேன். கடைசிவரை போட முடியவில்லை. பயணத்தில் வேறு எத்தனையோ நல்லபடியாக நடந்தன. விமானம் நேரத்துக்கு வந்தது, என்டோலாவின் புதிய விமான நிலையம் பளபளவென்று இருந்தது, பெட்டிகள் தொலையவில்லை. அவற்றைப் பற்றி எழுத மனம் வரவில்லை. ரொறன்ரோவுக்குத் திரும்பி இரண்டு கிழமையாகியும் அந்த வங்கியின் பிளாஸ்டிக் நாற்காலிதான் கண்ணுக்குள் நிற்கிறது.

செப்புச் சுரங்க ஊர்களில் வளர்ந்த ஆசிரியர் பிள்ளைகளுக்கு நான் எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிக்கப் போன நம் அப்பாக்கள், மக்காச்சோள மாவுக்கு நின்ற வரிசை, காற்றுத் திரும்பினால் தொண்டையைப் பிடிக்கும், செம்பு உருக்கும் ஆலையின் 'சென்டா' என்ற கந்தகப் புகை, அதற்கு அம்மா வாயில் கட்டிவிடும் ஈரத்துணி, எல்லாம் உங்களுக்கும் தெரியும். எங்களை வளர்த்த பெண்களையும் தெரியும். எங்கள் வீட்டில் அது பாமாயோ. பெம்பா மொழியில் 'மாயோ' என்றால் அம்மா, முன்னால் வரும் 'பா' மரியாதைக்கு. அம்மா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போன பதினொரு ஆண்டும் என்னையும் தம்பியையும் குளிப்பாட்டி, உப்வாலி என்ற மக்காச்சோளக் களி ஊட்டி, முதுகில் சித்தெங்கேத் துணியால் கட்டிச் சுமந்தவர் அவர்தான்.

இப்போது அவருக்கு 74 வயது. முஃபுலிராவின் கமுச்சாங்காப் பகுதியில் இரண்டு அறை வாடகை வீட்டில் பேத்தியோடு இருக்கிறார். நான் போய் இறங்கிய அன்று மாலை, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்து என் மடியில் வைத்தார். மூடியைத் திறந்தால் ரப்பர் வளையம் போட்ட நோட்டுக் கட்டுகள். அடியில் தனியாக, பிளாஸ்டிக் பையில் சுற்றிய இன்னொரு கட்டு. அது 2013-க்கு முந்திய நோட்டு. அந்த ஆண்டு ஜனவரி முதலாம் திகதி குவாச்சாவில் மூன்று பூச்சியத்தை வெட்டினார்களே, அந்தப் பழைய காசு. மாற்றும் தவணை முடிந்த பிறகுதான் மெத்தைக்குள் இருந்தது அவர் கையில் அகப்பட்டிருக்கிறது. எறிய மனமில்லாமல் வைத்திருக்கிறார்.

மேலே இருந்த கட்டுகளுக்கும் அதே கதி வரும் என்று பயந்துபோயிருந்தார். 2025 மார்ச் 31 அன்று மத்திய வங்கி புதிய நோட்டுகளை வெளியிட்டது. கூடவே 200, 500 குவாச்சா நோட்டுகளும் வந்தன. பழைய நோட்டுகள் 2026 மார்ச் 31 வரைதான் செல்லும் என்று அறிவித்திருந்தார்கள். நான் போனது மார்கழியில். "மகளே, இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன், நீ வந்துவிட்டாய்" என்றார். எண்ணிப் பார்த்தோம், 6,400. எங்கள் ஸ்காபரோ வீட்டில் இரண்டு கிழமை மளிகைச் செலவுக்கு வரும் காசு. அவருக்கு அது நான்கு வருடச் சேமிப்பு.

நோட்டை மாற்றிக் கொடுப்பது பெரிய காரியமில்லை. ஆனால் மாற்றிய காசும் அதே டின்னுக்குள்தானே போகும்? நான் கனடாவிலிருந்து அனுப்பும் பணமும் இதுவரை பேத்தியின் கைத்தொலைபேசிக்குத்தான் போனது. அவள் நல்ல பிள்ளை, ஆனாலும் பாமாயோ தன் காசைத் தன் பேத்தியிடம் கேட்டு வாங்கும் நிலை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் பெயரில் ஒரு கணக்குத் திறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமைக் காலையில் அப்பா என்னைக் கூட்டிப் போய் சேமிப்புப் புத்தகத்தில் வரவு வைத்த ஊர் அது. ஒரு காலை நேரத்து வேலை என்று நினைத்தேன்.

முதல் நாள் எட்டே கால் மணிக்குப் போய் இருந்தோம். பத்தரைக்கு எங்கள் முறை. அலுவலர் முப்பது வயதுக்குள் இருப்பார், மிக மரியாதையானவர், பாமாயோவுக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். தேசிய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, முகவரிச் சான்று கேட்டார். மின்சாரக் கட்டணப் பட்டியல் இருந்தால் போதும் என்றார்.

அங்கேதான் என் இரத்தம் கொதித்தது. முஃபுலிராவில் யார் வீட்டுக்கு மின்சாரப் பட்டியல் வருகிறது? எல்லோருக்கும் முற்பணம் கட்டும் மீற்றர். கடையில் காசு கொடுத்து இருபது இலக்க எண்ணை வாங்கி, மீற்றரில் அழுத்தினால் மின்சாரம் வரும். பட்டியல் என்ற காகிதமே அந்தத் தெருக்களில் இல்லை. அந்த அலுவலரின் வீட்டிலும் அதே மீற்றர்தான் இருக்கும், அதை அவரிடமே சொன்னேன். "உண்மைதான் அம்மா, ஆனால் படிவத்தில் அப்படி இருக்கிறது" என்றார். அவரோடு சண்டை பிடிக்க முடியவில்லை. வீட்டுக்காரரின் கடிதம், அதோடு வட்டார உறுப்பினரின் முத்திரை போட்ட கடிதம் கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார். நம் ஊரில் கிராம சேவகர் கடிதத்துக்கு அலைவோமே, அதே அலைச்சல்.

இரண்டாம் நாள் கடிதங்களோடு போனோம். வட்டார உறுப்பினரைத் தேடிப் பிடித்த கதையை விட்டுவிடுகிறேன், அந்த மனிதர் தன் வீட்டு மாமர நிழலிலேயே முத்திரை குத்தித் தந்தார். வங்கியில் மின்சாரம் இல்லை. 2024 வறட்சியில் நாட்டுக்கு மின்சாரம் தரும் கரிபா அணை வற்றியதிலிருந்து மின்வெட்டோடுதான் அங்கே வாழ்க்கை. வங்கியின் ஜெனரேட்டர் ஓடியது, விளக்கு எரிந்தது, கணினி மட்டும் தலைமையகத்தோடு பேச மறுத்தது. மதியம்வரை இருந்தோம். காவலாளி பாமாயோவின் அருகில் குனிந்து "மைலோ" என்றார். பெம்பாவில் நேற்றுக்கும் நாளைக்கும் அந்த ஒரே சொல்தான். சின்ன வயதில் அதை நினைத்து வியந்திருக்கிறேன். அன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் அழுகை வந்தது.

மூன்றாம் நாள் கணினி பேசியது. கடிதங்களை ஏற்றுக்கொண்டார்கள். கைரேகை எடுக்க ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியை நீட்டினார்கள். பாமாயோ வலது பெருவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு. இடது பெருவிரல், சுட்டுவிரல், எண்ணெய் தடவி, ஈரத்துணியால் துடைத்து, பத்து விரலும் பார்த்தாயிற்று. ரேகை தேய்ந்துவிட்டது. நான் அந்த விரல்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நுனி வழுவழுவென்று, ஓரங்கள் வெடித்து, சவர்க்காரம் தின்ற விரல்கள். எங்கள் பள்ளிச் சீருடைகளைப் பதினொரு ஆண்டு கல்லில் தேய்த்தது அந்தக் கைதான். மாவட்ட அலுவலகத்துக்கு, அதாவது போமாவுக்குப் போய் ஒரு உறுதிச் சான்று வாங்கிவரச் சொன்னார்கள். பாமாயோ டின்னை மடியில் அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "வா மகளே, இவர்களுக்கு என்னைத் தெரியாது" என்றார்.

ரொறன்ரோவில் நான் வங்கிக்குள் கால் வைத்து எத்தனையோ மாதமாகிறது. காசோலையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தால் கணக்கில் ஏறிவிடுகிறது. அகதியாக வந்து இறங்கியவருக்கும் அங்கே கணக்குத் திறந்து கொடுக்கிறார்கள். செம்பு விளையும் மண்ணில் பிறந்து, செம்பு வெட்டிய கணவனைச் சுரங்கத்துக்கு அனுப்பி வாழ்ந்த ஒரு பெண்ணால் தன் சொந்த ஊரில், தன் சொந்தக் காசைப் போட ஒரு கணக்குத் திறக்க முடியவில்லை. வங்கி வாசலில் நாங்கள் நின்ற அந்த நேரத்திலும் செப்புத் தகடுகளை இரும்புப் பட்டியால் இறுக்கிய லொறிகள் எங்களைக் கடந்துபோயின. ஆப்பிரிக்காவில் கொங்கோவுக்கு அடுத்தபடி அதிகம் செம்பு எடுக்கும் நாடு சாம்பியா. 2024-இல் 8 இலட்சம் தொன்னுக்கும் மேல் எடுத்திருக்கிறார்கள், அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 30 இலட்சம் தொன் என்பது அரசின் இலக்கு. அந்தத் தகடுகள் தான்சானியாவின் டார் எஸ் சலாம் துறைமுகம்வரை தடையில்லாமல் போகின்றன.

சுரங்கங்கள் அரசின் கையில் இருந்த காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன், மா வரிசையில் நின்றவள் நான். ஆனாலும் அன்று சுரங்க வீட்டில் மின்குமிழ் எரியாவிட்டால் ஆள் வந்து மாற்றிப் போவார். குப்பை எடுப்பதும் மருத்துவமனையும் சுரங்கத்தின் பொறுப்பு. 1997-க்கும் 2000-க்கும் இடையில் எல்லாவற்றையும் பிரித்து விற்றார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குச் செம்பு மட்டும் வேண்டியிருந்தது. நாடு 2020 நவம்பரில் கடன் பத்திர வட்டி கட்ட முடியாமல் தவறியது. இத்தனைக்கும் நடுவில் பாமாயோ போன்றவர்கள் எப்படிச் சேமித்தார்கள்? சிலிம்பாவில்தான். சந்தையில் ஆறு பெண்கள் சேர்ந்து மாதம் ஒரு தொகை போட்டு, முறை வைத்து ஒருத்தி எடுத்துக்கொள்வது. நம் அம்மாக்கள் பிடித்த சீட்டு அதேதான். என் அம்மா முஃபுலிராவில் தமிழ்ச் சீட்டும் பிடித்தார், பாமாயோவின் சிலிம்பாவிலும் சேர்ந்திருந்தார். அவசரத்துக்குக் காசு வேண்டுமென்றால் கலோபா, ஒரு மாதத்தில் ஒன்றரை மடங்காகத் திருப்பிக் கொடுக்கும் கந்துவட்டி. வங்கி கதவைச் சாத்தினால் கலோபாக்காரன் கதவைத் திறந்து வைத்திருப்பான்.

வங்கியிலிருந்து இருநூறு அடியில் சந்தை மூலை. அங்கே மஞ்சள், சிவப்பு, பச்சை நிறத்தில் தகரக் கூண்டுகள் வரிசையாக. ஆளுயரக் கூண்டுக்குள் ஒரு முக்காலி, ஒரு கைத்தொலைபேசி, ஒரு கோடு போட்ட கொப்பி. அலைபேசிப் பணம். இது நான் ஊரை விட்டுப் போனபோது இல்லாத உலகம். 2015-இல் பெரியவர்களில் 14 சதவீதம் பேர்தான் இதைப் பயன்படுத்தினார்கள், 2020 கணக்கெடுப்பில் அது 58 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஏதோ ஒரு நிதிச் சேவைக்குள் வந்தவர்கள் 59.3-இலிருந்து 69.4 சதவீதமானார்கள். வங்கிகள் செய்யாததை இந்தக் கூண்டுகள் செய்திருக்கின்றன.

பாமாயோவுக்குப் பழக்கமான கூண்டில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி. பாமாயோவை 'பாமாமா' என்று கூப்பிட்டாள், அவள் பாட்டியோடு பாமாயோ ஒரே தேவாலயப் பாடகர் குழு. அடையாள அட்டையைப் படம் பிடித்தாள், பாமாயோவின் முகத்தைப் படம் பிடித்தாள், புது சிம்மைப் போட்டாள். முகவரிச் சான்று கேட்கவில்லை. பிறகு அந்த 6,400-ஐ நோட்டு நோட்டாக, சத்தமாக, பாமாயோவுக்குக் கேட்கும்படி எண்ணினாள். கொப்பியில் எழுதினாள். இரகசிய எண் போட வேண்டிய நேரம் வந்ததும் தொலைபேசியைப் பாமாயோவின் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். என்னையும் திரும்பச் சொன்னாள். ரேகை தேய்ந்த அதே பெருவிரலால் பாமாயோ நான்கு எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தும் சத்தம் மட்டும் கேட்டது. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்காக, கூண்டு இருந்தால் வங்கி வேண்டாம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நான்காம் நாளே அதன் குறையையும் பார்த்துவிட்டேன். கூரை ஒழுகுகிறது, தகரம் மாற்ற வேண்டும். தகரக் கடைக்காரர் தொலைபேசியிலேயே பணத்தை வாங்கிக்கொண்டார். தச்சருக்குக் கையில் காசு வேண்டும், 1,500 குவாச்சா. நத்தாருக்கு முந்திய சம்பள நாள். முதல் கூண்டில் "ஃப்ளோட் இல்லை", இரண்டாவதில் இல்லை, மூன்றாவதில் 400 தந்தார்கள். கூண்டுக்காரப் பெண் தன் கைமுதலைப் போட்டுத்தான் காசு கொடுக்கிறாள், அது தீர்ந்தால் யாராவது வந்து பணம் கட்டும்வரை காத்திருக்க வேண்டும். எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டணம் வேறு. கூரை வேலை செய்யும் தச்சருக்கும், அந்தப் பெண்ணுக்கும், தையல் இயந்திரம் வாங்க நினைக்கும் பேத்திக்கும் நியாயமான வட்டியில் கடன் கொடுக்க வேண்டியது வங்கிதான். அதை அந்தத் தகரக் கூண்டின் தலையில் போட்டுவிட்டு வங்கி ஒதுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முற்பண மீற்றர் உள்ள நாட்டில் மின்சாரப் பட்டியல் கேட்கும் படிவத்தை மாற்ற ஒரு கையெழுத்துப் போதும். இதை அந்தக் கிளைக்கு எழுத்திலேயே கொடுத்துவிட்டு வந்தேன். பதில் இன்னும் வரவில்லை.

மீதி 1,100 குவாச்சா மாலை ஐந்தரைக்குக் கிடைத்தது. அந்தப் பெண் இன்னொரு கூண்டுக்கு ஓடிப் போய்க் கைமாற்றாக வாங்கி வந்து கொடுத்தாள்.

போன ஞாயிறு பாமாயோ தன் புது எண்ணிலிருந்து அழைத்தார். இரவெல்லாம் மழை, தகரத்தில் காது அடைக்கும் சத்தம், ஒரு சொட்டு உள்ளே விழவில்லை என்றார். கணக்கில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று கேட்டேன். அதைத் தன் பேத்திக்கே சொல்வதில்லை என்று சொல்லிவிட்டு, தம்பியின் பிள்ளைகள் பெம்பா பேசுகிறார்களா என்று விசாரிக்கத் தொடங்கினார்.