ஜப்பானில் நீண்ட காலத்துக்கு வாடகை வீடு: நான்கு வழிகள், நான்கு ஜாமீன்கள்

ஜப்பானில் வேலை விசாவில் தங்குபவர் வீடு தேடத் தொடங்கியதும் வாடகைத் தொகைகளைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான்கு வகை வீடுகளிலும் குடியிருந்து காலி செய்த பிறகுதான், வாடகை என்பது அந்த ஒப்பீட்டில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய எண் என்று தெரிந்தது. வீட்டுக்காரருக்கு இருக்கும் கவலை ஒன்றே ஒன்றுதான்: இந்த வெளிநாட்டவர் வாடகை பாக்கியோடு நாட்டை விட்டுப் போய்விட்டால் யாரைப் பிடிப்பது? தனியார் வீட்டில் அந்தக் கவலையை நீங்கள் பணம் கட்டி அமர்த்தும் ஜாமீன் நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. யூஆர் எனப்படும் அரசுசார் அமைப்பின் வீட்டில் உங்கள் சம்பளச் சான்றே ஜாமீனாகிறது. நிறுவன வீட்டில் உங்கள் முதலாளி ஜாமீன். சாமான்களோடு கிடைக்கும் மாதாந்திர வீட்டில் நீங்கள் முன்கூட்டியே கட்டும் பணமே ஜாமீன். எந்த ஜாமீனுக்கு என்ன விலை, எப்போது அந்த விலை வீணாகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

தனியார் வீடு

தரகு அலுவலகம் வழியாக எடுக்கும் தனியார் வீடுகளுக்கு எண்ணிக்கையிலும் இருப்பிடத்திலும் ஈடு கிடையாது. நிலையத்துக்கு அருகில், வேண்டிய அளவில், வேண்டிய வயதுள்ள கட்டடத்தில் தேட முடியும். (விளம்பரத்தில் "நடை 7 நிமிடம்" என்றால் 560 மீட்டர் என்று பொருள், 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்பது விளம்பர விதி. மேடும் சாலை விளக்குக்காக நிற்கும் நேரமும் அந்தக் கணக்கில் வருவதில்லை.) கட்டடத்தின் வயதைப் பார்க்கும்போது 1981 ஜூன் மாதத்தை நினைவில் வைப்பது நல்லது, இப்போதுள்ள கடுமையான நிலநடுக்கத் தரம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் எல்லா வீடும் நமக்குத் திறந்திருப்பதில்லை. நான் முதன்முதலில் உட்கார்ந்த தரகு அலுவலகத்தில் ஊழியர் பன்னிரண்டு வீடுகளின் விவரத்தாள்களை அச்செடுத்து மேசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தொலைபேசியில் பேசினார். "கைகோகுசெகி நோ கதா" (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்) என்ற சொற்கள் வந்ததும் மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு அவர் குனிந்து மன்னிப்புக் கேட்டபடியே தாளின் மூலையை மடித்துவிடுவார். அரை மணி நேரத்தில் ஏழு தாள்களின் மூலைகள் மடிந்திருந்தன. இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டும் இல்லை. நீதி அமைச்சகம் 2016இல் எடுத்து அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவரில் 39.3 சதவீதத்தினர் வெளிநாட்டவர் என்பதற்காகவே வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஜப்பானிய ஜாமீன்தாரர் இல்லை என்ற காரணத்தால் மறுக்கப்பட்டவர்கள் 41.2 சதவீதம்.

சம்மதித்த வீட்டுக்குள் நுழையும் செலவை ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிடுவோம். மாத வாடகை 1 லட்சம் யென். ஷிகிகின் எனும் முன்பணம் ஒரு மாதம்; இது காலி செய்யும்போது கழிவு போகத் திரும்பும். ரெய்கின் எனும் "நன்றிப் பணம்" ஒரு மாதம், இது திரும்பாது. தரகு ஒரு மாதமும் அதற்கு 10 சதவீத வரியும். குடியிருப்பவரிடமிருந்து அரை மாதத்துக்கு மேல் வாங்க அவருடைய ஒப்புதல் வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஒப்புதல் விண்ணப்பத்தின் ஒரு வரியில் ஒளிந்திருக்கும். ஜாமீன் நிறுவனத்துக்கு அரை மாதம், தீக் காப்பீட்டுக்கும் பூட்டு மாற்றுவதற்கும் தலா 20,000 யென், முதல் மாத வாடகை. ஆகமொத்தம் 5 லட்சம் யென். அதில் முன்பணமும் முதல் வாடகையும் போக 3 லட்சம் யென் போனது போனதுதான்.

இரண்டு ஆண்டு தங்கினால் அந்த 3 லட்சம் மாதத்துக்கு 12,500 யென் வீதம் வாடகையோடு சேர்கிறது. எட்டு மாதத்தில் மாற்றலோ ஊர் திரும்புதலோ வந்தால் அதே தொகை மாதத்துக்கு 37,500 யென் ஆகிவிடுகிறது. ரெய்கினும் முன்பணமும் இல்லை என்று விளம்பரப்படுத்தப்படும் வீடுகள் இந்தச் சுமையைக் குறைப்பது போலத் தோன்றும். ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஓராண்டுக்குள் காலி செய்தால் ஒரு மாத வாடகை அபராதம் என்ற நிபந்தனையும், சுத்தம் செய்வதற்கான கட்டாயத் தொகையும் சேர்ந்தே வரும். இரண்டு ஆண்டு முடிந்ததும், டோக்கியோ வட்டாரத்தில் ஒரு மாத வாடகையைப் புதுப்பிப்புக் கட்டணமாகக் கேட்பது வழக்கம். அது மிகையான தொகையாக இல்லாத வரை செல்லும் என்று 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டதால் வாதிட்டுப் பயனில்லை.

இவ்வளவு செலவுக்கும் ஈடாகக் கிடைப்பது சட்டப் பாதுகாப்பு. "ஃபுத்சூ ஷக்குயா" எனப்படும் வழக்கமான வாடகை ஒப்பந்தத்தில், தவணை முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் உங்களை வெளியேற்ற முடியாது. நியாயமான காரணம் இருக்க வேண்டும். ஓராண்டு முதல் ஆறு மாதம் வரையான இடைவெளியில் முன்கூட்டியே அறிவித்திருக்கவும் வேண்டும். "தெய்கி ஷக்குயா" எனப்படும் நிலைத்தவணை ஒப்பந்தம் 2000ஆம் ஆண்டில் வந்தது. அதில் தவணை முடிந்தால் வீடும் முடிந்தது. மேலும் இருக்க வேண்டுமானால் வீட்டுக்காரர் மனம் வைத்துப் புதிய ஒப்பந்தம் போட வேண்டும். இடையில் கிளம்புவதும் எளிதன்று. ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இல்லாவிட்டால், 200 சதுர மீட்டருக்குக் குறைவான குடியிருப்புகளில் பணி மாற்றல், மருத்துவச் சிகிச்சை, உறவினரைப் பராமரிக்க வேண்டிய நிலை போன்ற தவிர்க்க முடியாத காரணங்களுக்கு மட்டுமே சட்டம் வழி விடுகிறது. விசா எத்தனை ஆண்டு என்று கேட்டுவிட்டு இந்த ஒப்பந்தத்தை முன்வைக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. வாடகை சற்றுக் குறைவாக இருக்கும். கிளம்பும் தேதி உறுதியாகத் தெரிந்தவர் தவிர மற்றவர்கள் இதை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து.

யூஆர் வீடு

1955இல் தொடங்கப்பட்ட ஜப்பான் வீட்டுவசதிக் கழகத்தின் வழிவந்த அமைப்பு யூஆர். இப்போதைய பெயரும் வடிவமும் 2004 முதல். ஏறத்தாழ 7 லட்சம் வீடுகள் அதன் கையில் இருக்கின்றன. ரெய்கின் இல்லை, தரகு இல்லை, புதுப்பிப்புக் கட்டணம் இல்லை, ஜாமீன்தாரர் வேண்டாம், ஜாமீன் நிறுவனமும் வேண்டாம். முன்பணம் இரண்டு மாதம். அது பிறகு கணக்குத் தீர்த்துத் திரும்பும். மேலே சொன்ன 1 லட்சம் யென் வாடகைக்கு, திரும்பாத நுழைவுச் செலவு ஏறக்குறைய சுழியம்.

வெளிநாட்டவர் என்று தொலைபேசியில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நடுத்தர, நீண்ட காலத் தங்குதலுக்கான உரிமை, அதாவது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட விசாவும் ஜைரியூ கார்டும் (வெளிநாட்டவருக்கான தங்கும் உரிமை அட்டை) இருந்தால், முதலில் வருபவருக்கு வீடு. ஆனால் சம்பள வரம்பு கண்டிப்பானது. தனியாக இருப்பவர் 62,500 முதல் 2 லட்சம் யென் வரையுள்ள வாடகைக்கு மாதம் 2,50,000 யென் சம்பாதிக்க வேண்டும். குடும்பத்துக்கு, வாடகை 82,500 யென்னுக்கு மேல் 2 லட்சம் வரை என்றால் 3,30,000 யென். அதற்குக் கீழான வாடகைகளுக்கு வாடகையைப் போல் நான்கு மடங்கு. சம்பளம் எட்டாதவர் வாடகையைப் போல் நூறு மடங்கு சேமிப்பைக் காட்டலாம், அல்லது ஓராண்டு வாடகையை மொத்தமாகக் கட்டலாம். புதிதாக வேலைக்கு வந்த இளைஞர்களும் மாணவர்களும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். யூஆரைப் புகழ்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்றையும் அவர்கள் சொல்வதில்லை. பழைய யூஆர் வளாகங்களில் வெறும் சுவர்தான் வீடு. சாவி வாங்கிய முதல் மாலை ஆறு மணிக்கு நான் சுவிட்சைத் தட்டியபோது எதுவும் எரியவில்லை. கூரையின் நடுவில் வட்டமான ஒரு பிளாஸ்டிக் இணைப்பு மட்டும் இருந்தது, விளக்கை நாமே வாங்கி அதில் திருகி மாட்ட வேண்டும். எரிவாயு அடுப்பு இல்லை. குளிரூட்டி இருந்திருக்க வேண்டிய இடத்தில் குழாய் செல்ல ஓர் ஓட்டையும் அதற்கு ஒரு மூடியும் இருந்தன. ஐந்து மாடி வரையுள்ள பழைய கட்டடங்களில் மின்தூக்கி இராது என்பதால், வாங்கிய குளிர்பதனப் பெட்டியைப் படி வழியாகவே மேலேற்ற வேண்டியிருந்தது. நிலையத்திலிருந்து பேருந்து பிடிக்க வேண்டிய வளாகங்கள் பல. அதே பழைய வளாகங்களில் மரங்களும் அகலமான திறந்தவெளியும் வெயிலும் இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிறுவன வீடு

முதலாளியின் பெயரில் ஒப்பந்தம், சம்பளத்தில் ஒரு பகுதிப் பிடித்தம், நுழைவுச் செலவு நிறுவனத்தினுடையது. பண அளவில் இதை வேறு எதுவும் வெல்லாது. ஆனால் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அதே வாரங்களில் விசாவுக்கான வேலை மாற்ற அறிவிப்பையும் 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். வேலை மாறும் எண்ணம் மனத்தில் இருப்பவர் தம் பெயரில் ஒரு வீட்டை எடுத்த பிறகே ராஜினாமாக் கடிதம் கொடுப்பது நல்லது, ஏனெனில் வேலையில் இல்லாதவரை ஜாமீன் நிறுவனம் ஏற்பது கடினம்.

மாதாந்திர வீடு

கட்டிலும் குளிர்பதனப் பெட்டியும் இணைய இணைப்பும் உள்ளேயே இருக்கும் மாதாந்திர வீட்டையும், அறை மட்டும் நம்முடையதாகவும் சமையலறை பொதுவாகவும் இருக்கும் ஷேர் ஹவுஸையும் வெளிநாட்டிலிருந்தே பதிவு செய்துவிட முடியும். இவை அதிக விலை என்று ஒதுக்குவது வழக்கம். அந்த வழக்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. கணக்கு வேறு மாதிரி வருகிறது.

மின்சாரம், எரிவாயு, தண்ணீர் எல்லாம் அடக்கமாக மாதம் 1,45,000 யென் என்று வைத்துக்கொள்வோம். வெறும் வீட்டில் அந்தச் செலவுகளுக்கு 15,000 யென் போகும் என்றால் கூடுதல் சுமை மாதம் 30,000 யென். எதிர்ப்பக்கத்தில், தனியார் வீட்டில் திரும்பாத 3 லட்சத்தோடு கட்டில், துணி துவைக்கும் இயந்திரம், திரைச்சீலை, விளக்கு ஆகியவற்றுக்கு 2 லட்சம் சேர்த்தால் 5 லட்சம். அதை 30,000 யென்னால் வகுத்தால் ஏறத்தாழ 17 மாதம் வருகிறது. அதாவது ஒன்றரை ஆண்டுக்குள் கிளம்பப் போகிறவருக்கு மாதாந்திர வீடே மலிவு. யூஆர் வீட்டுக்குச் சாமான்கள் 2 லட்சமும், குளிரூட்டிக்கும் அடுப்புக்கும் 1,20,000 யென்னும் என்றால் ஏறத்தாழ 11 மாதத்தில் அது முந்திவிடும். அவரவர் தொகைகளைப் போட்டு இந்த வகுத்தலைச் செய்துகொள்ளலாம். சாமான்களைக் காலி செய்யும்போது விற்கலாமே என்பவர்களுக்கு: ஜப்பானில் பெரிய பொருட்களைக் குப்பையில் போடவே கட்டணம் உண்டு, கிளம்பும் வாரத்தில் இலவசமாகக் கொடுத்தாலும் எடுத்துப் போக ஆள் தேட வேண்டியிருக்கும்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த முகவரியில் வசிப்பிடப் பதிவு செய்யலாமா? குடிபுகுந்த 14 நாட்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 90 நாட்களாகியும் தக்க காரணமின்றிப் பதியாவிட்டால் தங்கும் உரிமையையே ரத்து செய்ய இடமுண்டு. குறுகிய காலத்துக்கு விடப்படும் சில இடங்களில் உரிமையாளர் இந்தப் பதிவை அனுமதிப்பதில்லை. பதிவு இல்லாமல் வங்கிக் கணக்கும் தொலைபேசி இணைப்பும் கிடைப்பது பெரும் பாடு.

ஆகவே புதிதாக வருபவர் முதல் மூன்று நான்கு மாதங்களை மாதாந்திர வீட்டில் கழித்துவிட்டு, சம்பளச் சீட்டுகள் சேர்ந்ததும் யூஆர் வீட்டைப் பார்ப்பதையே நான் சொல்வேன். பள்ளி, மனைவியின் அல்லது கணவரின் அலுவலகம் போன்ற காரணங்களால் குறிப்பிட்ட நிலையத்தருகேதான் இருந்தாக வேண்டும் என்றால் தனியார் வீடு. அதுவும் வழக்கமான ஒப்பந்தத்தில், இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் தங்கும் எண்ணத்தோடு.

காலி செய்யும்போது

தனியார் வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும்; யூஆருக்கு 14 நாள் போதும். தகராறு வருவது முன்பணத்தில்தான். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் திருத்தம், இயல்பான தேய்மானத்துக்கும் காலப்போக்கில் வரும் மாற்றத்துக்கும் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்று எழுத்திலேயே சொல்கிறது. நிலம், போக்குவரத்து அமைச்சகத்தின் வழிகாட்டுதல்படி சுவரொட்டுத் தாளின் மதிப்பு ஆறு ஆண்டில் 1 யென்னாகக் கரைந்துவிடும். நான் நான்கு ஆண்டு இருந்த ஒரு வீட்டுக்கு, ஓர் அறையின் சுவர்த்தாள் முழுவதற்கும் புதிய விலை போட்டுப் பட்டியல் வந்தது. குடிபுகுந்த நாளில் தேதியோடு எடுத்த படங்களையும் அந்த வழிகாட்டுதலின் பக்கத்தையும் இணைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று நாளில் வந்த திருத்திய பட்டியலில் கதவோரத்தில் நான் கிழித்த ஒரு துண்டுக்கான தொகை மட்டும், அதுவும் மூன்றில் ஒரு பங்காக, இருந்தது.